குரலும் சொல்லும்

ஆசிரியத் தொழிலில் நாம் புகுந்த புதிதில் நிகழ்ந்த ஒன்றை முதலிற் சொல்லிவிடுகிறோம். அது எமக்குப் பெருமை தருவதன்று.

ஒன்பதாம் வகுப்பிலே கரும்பலகையிற் செய்யுளொன்றை எழுதிக்கொண்டு நின்றோம். பின்னாலிருந்து ஒரு குரல் எமது பட்டப்பெயரை நீட்டிக் கூவியது. (அப்பெயர் யாதென்பதை இங்கே வெளியிடும் உத்தேசம் எமக்கில்லை.) வகுப்புச் சிரித்தது. திரும்பிப் பார்த்தால், இந்தப் பூனையும் பால் குடிக்குமோ என்னும்படி அத்தனை முகங்களும் புத்தகங்களிற் கவிழ்ந்திருந்தன. ஆயினும் குரல் எமக்குப் பழகிய குரல். மூன்றாம் வாங்கில் இருந்த ஒருவனுடையது என்பதில் எமக்கு எள்ளளவும் ஐயம் இருக்கவில்லை. எழுப்பிக் கேட்டோம், அவன் இல்லையென்றான். "அப்படியானால் அதே சொற்களை அதே மாதிரி ஒருமுறை சொல்லிக் காட்டு, வகுப்பே தீர்ப்புச் சொல்லட்டும்" என்றோம். பரிசோதனை செய்து நீதி வழங்குவதாகவே எமது எண்ணம். பையன் நடுங்கி நடுங்கி அச்சொற்களைச் சொன்னான். அவன் வாய் மூடுமுன் வகுப்புக் கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பையே சான்றாகக் கொண்டு ஒரு கிழமை அவனை வகுப்புக்கு வெளியே நிறுத்தினோம்.

ஆறு ஆண்டுகள் கழித்து, பல்கலைக்கழக மாணவனாக எம்மைப் பார்க்க வந்த வேறொருவன், தேநீர் குடித்து முடிந்தபின், "சேர், அன்றைக்குக் கூவினது நான்" என்றான். இருவருக்கும் குரல் ஏறத்தாழ ஒன்று. தண்டனை பெற்றவன் அதற்குள் நாட்டைவிட்டே போய்விட்டான்.

மறந்திருந்த இதனை மீண்டும் கிளறிவிட்டது, சட்டம் படிக்க விரும்பும் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் சென்ற வாரம் கேட்ட கேள்வி. "இந்தியாவிலே சந்தேகநபர் ஒருவரைக் குரல் மாதிரி கொடுக்கும்படி நீதவான் கட்டளையிடலாம் என்று புதிய சட்டம் சொல்லுகிறதாம். தனக்கு எதிராகத் தானே சாட்சியாகும்படி எவரையும் வற்புறுத்தலாகாது என்று அந்நாட்டு அரசியலமைப்பின் 20ஆம் உறுப்புரை சொல்லுகிறதே! வாயைத் திற என்று நீதிமன்றமே கட்டளையிட்டபின், பேசாதிருக்கும் உரிமை எங்கே இருக்கிறது?"

நல்ல கேள்வி. அயல்நாட்டுச் சட்டம் எமக்கென்ன என்று தள்ளிவிடவும் முடியாது. சேர் ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்த 1872ஆம் ஆண்டு இந்தியச் சான்றுச் சட்டத்தைத் தழுவியே 1895இல் இலங்கையின் சான்றுக் கட்டளைச் சட்டம் ஆக்கப்பட்டது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளில் மூத்தவருக்கு வந்த சிக்கல் இளையவர் வீட்டுக்கும் ஒருநாள் வரக்கூடியதே.

மாணவனின் கேள்விக்குள்ளே உண்மையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. குரலைக் கேட்டு வாங்குவது உரிமையை மீறுவதா என்பது ஒன்று. மீறாது என்றே வைத்துக்கொண்டாலும், அவ்வாறு கட்டளையிடும் அதிகாரத்தை நீதவானுக்குக் கொடுத்தவர் யார் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதனாலேயே இவ்விடயத்திற் பலர் தடுமாறுகின்றனர்.

முதற் கேள்விக்கு விடையின் வேர் 1961ஆம் ஆண்டில் இருக்கிறது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில், கையெழுத்து மாதிரியும் விரலடையாளமும் பற்றிய வழக்குகளில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் 11 நீதியரசர்கள் ஒருங்கிருந்து தீர்ப்பளித்தனர். சாட்சியாதல் என்பது ஒருவர் தம் அறிவில் உள்ள செய்தியை வாயினாலோ எழுத்தினாலோ வெளிப்படுத்துதல் என்று அவர்கள் கொண்டனர். விரலைப் பதிப்பவன் எதையும் தெரிவிக்கவில்லை. அவனுடைய விரலின் கோடுகள் அவன் அறிந்தவையுமல்ல, ஆக்கியவையுமல்ல. அவை தம்மளவிற் குற்றத்தையும் சொல்லா, குற்றமின்மையையும் சொல்லா. வேறொன்றோடு வைத்து ஒப்பிடும்போதே பொருள் பெறும். ஆகவே மாதிரி கொடுப்பது சாட்சியாவது அன்று என்பது முடிபு.

எமது இலக்கியம் பயின்றோர்க்கு இதனை விளங்கிக்கொள்வது எளிது. பாண்டியன் அவையில் சிலம்பை உடைத்தபோது நடந்தது என்ன? அரசியின் சிலம்பின் பரல் முத்து; கண்ணகியின் சிலம்பின் பரல் மாணிக்கம். தனித்தனியே பார்த்தால் முத்தும் குற்றம் சொல்லாது, மாணிக்கமும் சொல்லாது. இரண்டையும் அருகருகே வைத்தபோது கோவலன் கள்வனல்லன் என்பது வெளிப்பட்டது. அவன் தலை விழுந்தபின் அந்த ஒப்பு நோக்கல் நடந்தது என்பதுதான் மதுரைக்கு வந்த கேடு. மாதிரியைக் கேட்டு வாங்குவது குற்றவாளியைப் பிடிப்பதற்கு மட்டும் அன்று, குற்றமற்றவனை விடுவிப்பதற்கும் உதவும் என்பதனை உரிமை பேசுவோர் சிலர் மறந்துவிடுகின்றனர்.

ஆனால் விரல் ஊமை. குரல் அப்படியன்று, அது சொல்லைச் சுமந்துகொண்டே வருவது. சொல்லில்லாமற் குரலை மட்டும் எடுத்துத் தட்டில் வைக்க எவராலும் இயலாது. குரலை விரலோடும் சேர்க்க முடியாமல், வாக்குமூலத்தோடும் சேர்க்க முடியாமல் சட்டம் இத்தனை காலம் திண்டாடியதற்கு இதுவே காரணம் என்று எமக்குத் தோன்றுகிறது.

ஒலிப்பதிவுகள் வழக்குமன்றத்துக்கு வரத் தொடங்கியதும் திண்டாட்டம் வளர்ந்தது. பம்பாயில் இலஞ்சம் கேட்டதாக எழுந்த வழக்கொன்றில், தொலைபேசியுடன் ஒலிப்பதிவுக் கருவியை இணைத்துப் பொலிசார் பிடித்த உரையாடல் சான்றாக ஏற்கத்தக்கதே என்று 1972இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஒரு நிகழ்ச்சியைப் பிடித்த நிழற்படம் போன்றது அது என்பது நீதியரசர்களின் கருத்து. சரி, படத்தில் இருக்கும் முகம் இன்னாருடையது என்று பார்த்தவர் சொல்லலாம். பதிவில் இருக்கும் குரல் இன்னாருடையது என்று நிறுவ, ஒப்பிடுவதற்கு அவருடைய குரல் வேண்டுமன்றோ? அவர் கொடுக்க மறுத்தால்?

இங்கேதான் இரண்டாம் கேள்வி தலைதூக்குகிறது. 1980இல் இரண்டு காரியங்கள் நடந்தன. கையெழுத்து மாதிரி பற்றிய வழக்கொன்றில், பொலிஸ் விசாரணை நடந்துகொண்டிருக்கும் நிலையில் மாதிரி கொடு என்று கட்டளையிட நீதவானுக்கு அதிகாரம் இல்லை, வேண்டுமாயின் பாராளுமன்றம் சட்டம் ஆக்கட்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிற்று. அதே ஆண்டில் இந்தியச் சட்ட ஆணைக்குழு தனது 87ஆவது அறிக்கையில், குரல் மாதிரிக்கும் வழிசெய்யுமாறு 1920ஆம் ஆண்டின் கைதிகள் அடையாளச் சட்டத்தைத் திருத்தும்படி பரிந்துரைத்தது. பாராளுமன்றம் அசையவில்லை. கால் நூற்றாண்டு கழிந்து 2005இல் ஆக்கப்பட்டு 2006இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், கையொப்பத்துக்கும் கையெழுத்துக்கும் இடம் கொடுத்தது. குரலைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அவ்வாறு விடுபட்ட இடத்தில் வந்து சிக்கியது உத்தரப் பிரதேசத்துச் சகாரன்பூர் வழக்கு. பொலிசில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பலரிடம் பணம் வாங்கியதாக 2009 டிசம்பரில் இருவர்மீது முறைப்பாடு. ஒருவரிடமிருந்து கைத்தொலைபேசி கைப்பற்றப்பட்டது. அதிலே உரையாடல் இருந்தது. மறுமுனையிற் பேசியவர் மற்றவர்தானா என்று அறிய அவருடைய குரலை வாங்கித் தருமாறு பொலிசார் வேண்ட, 2010 சனவரியில் நீதவான் கட்டளையிட்டார். அவர் மறுத்து மேலே சென்றார். அலகாபாத் உயர் நீதிமன்றம் (எமது நாட்டில் மேல் நீதிமன்றம் என வழங்குவதை அங்கே உயர் நீதிமன்றம் என்பர்) கட்டளை சரியே என்றது. வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தது.

2012 டிசம்பரில் அங்கே இரண்டு நீதியரசர்கள் இரண்டு விதமாகத் தீர்ப்பளித்தனர். சட்ட மாணவர்கள் தேடி வாசிக்க வேண்டிய தீர்ப்பு அது. குரல் மாதிரி உரிமையை மீறவில்லை என்பதில் இருவரும் ஒன்றே. ஆனால் நீதியரசர் ரஞ்சனா தேசாய், இருக்கின்ற சட்டத்தின் சொற்களுக்குள்ளேயே அந்த அதிகாரத்தைக் காணலாம் என்றார். நீதியரசர் அப்தாப் ஆலம், குரலைச் சேர்க்க வாய்ப்பு வந்தபோதும் பாராளுமன்றம் சேர்க்கவில்லை, வற்புறுத்தும் அதிகாரத்தை மன்று தானாகப் பொருள்கொண்டு உண்டாக்கலாகாது என்றார். எமது மனம் நீதியரசர் ஆலத்தின் பக்கமே சாய்கிறது. பொலிசாருக்குத் தேவை என்பதற்காகச் சட்டத்தில் இல்லாத அதிகாரம் இருப்பதாகக் கொண்டால், நாளைக்கு வேறொரு தேவை வரும்.

வழக்கு மூவர் கொண்ட ஆயத்துக்குப் போய், 2019 ஆகஸ்டு 2ஆந் தேதி பிரதம நீதியரசர் ரஞ்சன் கோகோய் தலைமையில் முடிவு வந்தது. அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே, ஆயினும் அது எல்லையற்றதன்று என்றனர். பாராளுமன்றம் வெளிப்படையாகச் சட்டம் ஆக்கும்வரை குரல் மாதிரிக்குக் கட்டளையிடும் அதிகாரம் நீதவானுக்கு உண்டு என்று, அரசியலமைப்பின் 142ஆம் உறுப்புரை தமக்குத் தரும் தனி அதிகாரத்தைக் கொண்டு விதித்தனர். ஒருவருடைய குரலை வாங்கலாமா என்று தீர்மானிக்க மட்டும் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள்! பணம் கொடுத்து ஏமாந்ததாகச் சொன்னவர்களின் நிலையையும், தலைமேல் வழக்கோடு அத்தனை ஆண்டு நடமாடியவரின் நிலையையும் வாசகர் எண்ணிப் பார்க்கலாம்.

பின்னர் பழைய குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை முழுவதுமே மாற்றப்பட்டது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் புதிய சட்டம் 2023 டிசம்பரில் நிறைவேறி, 2024 யூலை 1ஆந் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன் 349ஆம் பிரிவில் கையொப்பம், கையெழுத்து என்பவற்றோடு விரலடையாளமும் குரல் மாதிரியும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டன. சட்ட ஆணைக்குழு கேட்டு 44 ஆண்டுகள் ஆயின.

அப்பிரிவின்படி, விசாரணைக்குப் பயன்படும் என்று முதல் வகுப்பு நீதவான் திருப்தியுற்றால், குற்றஞ்சாட்டப்பட்டவர் உட்பட எவரையும் மாதிரி கொடுக்கும்படி கட்டளையிடலாம். கட்டளை பெறுபவர் அந்த விசாரணை தொடர்பாக எப்போதாவது கைதுசெய்யப்பட்டவராய் இருக்கவேண்டும் என்று முதலில் ஒரு வேலி போடப்பட்டிருக்கிறது. அடுத்த வரியிலேயே, காரணத்தை எழுத்திற் பதிந்தால் கைதாகாதவரையும் கட்டளையிடலாம் என்று வேலியில் ஒரு கடப்பும் வைக்கப்பட்டிருக்கிறது. 'எவரையும்' என்பது சாதாரணச் சொல் அன்று. 2025இல் மேற்கு வங்க வழக்கொன்றில், சந்தேகநபர் மட்டுமன்றிச் சாட்சியும் குரல் மாதிரி கொடுக்கக் கட்டளையிடப்படலாம் என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

சட்டம் மாறும்போது இடைநடுவில் நிற்கும் வழக்குகள் என்னாகும் என்றும் எம் மாணவன் கேட்டான். புதிய சட்டத்தின் கடைசிப் பிரிவாகிய 531ஆவது, நடைமுறைக்கு வந்த நாளுக்கு முன் தொடங்கி முடியாதிருக்கும் விசாரணைகள் பழைய சட்டப்படியே தொடரும் என்கிறது. பழைய சட்டத்திலோ குரலுக்கு இடமில்லை. ஆனால் அங்கே 2019ஆம் ஆண்டுத் தீர்ப்புக் கைகொடுக்கிறது. எப்பக்கம் போனாலும் இன்று நீதவானுக்கு அதிகாரம் உண்டு என்பதே விடை.

ஆக, அதிகாரம் பற்றிய சண்டை ஓய்ந்துவிட்டது. எமது மனத்தை உறுத்துவது வேறு. மாதிரி கொடு என்றால், எதைச் சொல்லிக் கொடுப்பது?

2016 யூலையில் உச்ச நீதிமன்றம் தீர்த்த தில்லி வழக்கொன்றில் இது நேராகவே எழுந்தது. அங்கே குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் மாதிரி கொடுக்க முன்னரே இசைந்திருந்தனர். ஆனால் வாசிக்கும்படி அவர்கள் முன் வைக்கப்பட்ட பந்தி, குற்றம் என்று சொல்லப்படும் உரையாடலிலிருந்தே எடுக்கப்பட்டதென்பது அவர்களது முறையீடு. பொலிசார் தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. ஒரே சொல்லை இரு பதிவிலும் வைத்துப் பார்த்தாலன்றி ஒப்பீடு செம்மையாகாது. நீதிமன்றம் நடுவழியொன்று கண்டது. குற்றஞ்சுமத்தும் வாக்கியங்கள் பந்தியில் வரலாகாது. அந்த உரையாடலிலுள்ள சொற்கள் மட்டும் வேறு வாக்கியங்களிடையே கலந்து வரலாம். "பணம்" என்ற சொல் வரலாம், "பணத்தைக் கொண்டுவா" என்ற மிரட்டல் வரலாகாது என்று நாம் மாணவனுக்கு உதாரணம் காட்டினோம்.

இத்தீர்ப்பை வாசித்தபோதே எமக்கு மூன்றாம் வாங்குப் பையன் நினைவுக்கு வந்தான். நாம் அவனிடம் கேட்டது குரல் அன்று. குற்றத்தையே மறுபடி செய்யச் சொன்னோம். அவன் அந்தப் பட்டப்பெயரைச் சொன்னதும் வகுப்புச் சிரித்தது சொல்லுக்காக. அதை நாம் குரலுக்கான சாட்சியாக எடுத்துக்கொண்டோம். வேறு எந்த மாணவனை எழுப்பி அதே சொல்லைச் சொல்லச் செய்திருந்தாலும் வகுப்பு அப்படியேதான் சிரித்திருக்கும்.

பரிசோதனைக்கூடத்தில் மனிதக் காதுமட்டும் இல்லையே, கருவியும் நிபுணரும் இருக்கிறார்களே என்று சிலர் ஆறுதல் கொள்ளலாம். கருவி செய்வது இது: குரல்நாண்களின் அதிர்வையும், தொண்டையும் வாயும் மூக்கும் அந்த அதிர்வுக்குக் கொடுக்கும் உருவத்தையும் அளந்து படமாக வரைகிறது. 1962இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த லோரன்ஸ் கெர்ஸ்டா, இப்படங்கள் விரலடையாளம் போன்றவை என்றும், தம் பரிசோதனைகளில் 99 விழுக்காட்டுக்கும் மேலாகச் சரியான விடை கிடைத்ததென்றும் எழுதினார். 'குரல் ரேகை' என்ற பெயர் உலகெங்கும் பரவியது. பெயர் விஞ்ஞானத்தை முந்திக்கொண்டு ஓடியது என்பதே பொருத்தம். 1979இல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் ஆய்வுக்குழு, நிச்சயமின்மைகள் மிகுந்திருப்பதால் நீதிமன்றப் பயன்பாட்டில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும் என்று அறிக்கையிட்டது.

விரலின் கோடு தடிமன் பிடித்தால் மாறாது. குரல் மாறும். விடியலில் ஒன்று, மாலையில் ஒன்று. தாயோடு ஒன்று, கடன்காரனோடு ஒன்று. பழைய தொலைபேசிக் கம்பி, வினாடிக்கு ஏறத்தாழ 300 முதல் 3,400 வரையான அதிர்வுகளை மட்டும் கடத்தி, மீதியை உதிர்த்துவிடும். அப்படி உதிர்ந்து வந்த அவசரப் பேச்சொன்றையும், பரிசோதனைக்கூடத்தில் அச்சத்தோடு எழுத்துக்கூட்டி வாசித்த பந்தியொன்றையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்து, இருவரும் ஒருவரே என்று சொல்லவேண்டியிருக்கிறது. நேர்மையான நிபுணர் 'இவரே' என்று அடித்துச் சொல்லமாட்டார். ஒருவராக இருக்க வாய்ப்பு எவ்வளவு என்று சொல்லுவார். இப்போதோ சில நொடிப் பதிவொன்றைக் கொண்டு எவருடைய குரலையும் போலியாக உண்டாக்கும் கணினிகள் வந்துவிட்டன. ஒப்பிடுவதற்கு முன் பதிவே உண்மையானதா என்று சோதிக்க வேண்டிய காலம் இது.

கொடுக்கவே மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டால் என்ன செய்வது என்பது இன்னொரு முடிச்சு. விரலைப் பிடித்து மையில் அழுத்தலாம். தொண்டைக்குள் கைவிட்டுக் குரலை எடுக்க எந்தப் பொலிசாராலும் இயலாது. கட்டளைக்கு இறுதியில் மனிதன் தானே இசைய வேண்டியிருக்கிறது. மனத்துக்குள் இருப்பதை மருந்து கொடுத்துப் பேசவைக்கும் சோதனைகளை, இசைவின்றிச் செய்தல் ஆகாது என்று 2010இல் அதே உச்ச நீதிமன்றம் விலக்கியதையும் சேர்த்தே நோக்கவேண்டும். ஒருவர் எப்படிப் பேசுகிறார் என்பதை அரசு கேட்கலாம். என்ன அறிந்திருக்கிறார் என்பதைப் பறிக்கலாகாது. மாணவனின் முதற் கேள்விக்கு எமது விடை இதுதான். பேசாதிருக்கும் உரிமை சொல்லைக் காக்கிறது, குரலின் சாயலைக் காக்கவில்லை.

அவன் சிறிது நேரம் யோசித்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்படியானால் சேர், எந்தப் பந்தியை வாசிக்கக் கொடுக்கவேண்டும் என்று 349ஆம் பிரிவு சொல்லுகிறதா?" என்று கேட்டான்.

சொல்லவில்லை. பந்தியைத் தெரிபவர் யார், எத்தனை தடவை வாசிக்கச் செய்யலாம், சட்டத்தரணி உடனிருக்கலாமா, வழக்கு முடிந்தபின் அந்தப் பதிவை என்ன செய்வது என்பவை எவையும் அப்பிரிவில் இல்லை. குற்றஞ்சுமத்தும் வாக்கியம் கூடாதென்ற காப்பு, 2016ஆம் ஆண்டுத் தீர்ப்பிலே கிடக்கிறது. அதைத் தேடி எடுத்துக் காட்ட ஒரு நல்ல சட்டத்தரணி வாய்த்தவருக்கு அது கிடைக்கும். சட்டத்தின் வாசகத்திலேயே எழுதியிருந்தால், சட்டத்தரணியே இல்லாமல் நீதவான் முன் நிற்கும் ஏழைக்கும் அது கிடைத்திருக்கும். 44 ஆண்டுகள் எடுத்துக்கொண்டவர்கள் இன்னும் இரண்டு வரி எழுதியிருக்கலாம் என்றோம். மாணவன் தனது குறிப்புப் புத்தகத்தில் எதையோ எழுதிக்கொண்டு போனான்.

அன்று பாடப் புத்தகத்திலிருந்து ஒரு பந்தியைக் கொடுத்து மூன்றாம் வாங்கிலிருந்தவனை வாசிக்கச் சொல்லியிருந்தால், வகுப்புச் சிரித்திராது. நாமும் இரண்டு மூன்று பேரை வாசிக்கக் கேட்டுக் குழம்பிப்போய், பேசாமல் செய்யுளுக்குத் திரும்பியிருப்போம். அவன் இப்போது எந்த நாட்டில் இருக்கிறானென்று பழைய மாணவர்களிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.